ஜப்பான் மல்லர் தோற்ற கடைசிப் போட்டி

1968 ஆவணி, ஞாயிறு இரவு

ஐம்பது வயது தாண்டிய ஜப்பான் மல்லரின் பிரியாவிடைப் போட்டிகள் இன்று முற்றவெளி மைதானத்தில் முடிந்தன. கடைசியாக அவரோடு மோதியது நான். வென்றதாக எனக்கு மாலை போட்டார்கள்.

நடந்தது எங்கள் இருவருக்கும்தான் தெரியும். அவர் என்னைத் தலைக்கு மேலே தூக்கியபோது வியர்வையில் என் உடம்பு வழுக்கிவிட்டது. தலைகீழாகச் சரிந்தேன். அப்படியே விழுந்திருந்தால் கழுத்து முறிந்திருக்கும். அவர் பிடியை விடாமல், தன் பழுதான முழங்கால் அடிபடக் கீழே விழுந்து, என்னை நெஞ்சில் தாங்கினார். பிறகு அவரால் எழும்ப முடியவில்லை. சனம் கூவிச் சிரித்தது.

உடுப்பு மாற்றும் அறையில் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என் பிடரியை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். நான் நோகவில்லை என்று தலையாட்டிய பிறகுதான் தன் முழங்காலுக்கு ஐஸ் வைத்தார்.

வீட்டில் மனைவி, "என்னப்பா, வெண்டிட்டியளோ?" என்று கேட்டாள்.

"இல்லை. அந்த மனுசன்தான் என்னை உயிரோடை வீட்டை அனுப்பினவர்," என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் என் கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"எப்ப போறாராம்?"

"விடியக் கொழும்பு ரயிலிலை. வழியனுப்பப் போகத்தான் நினைக்கிறன், ஆனா அவரோடை கதைக்க எங்களுக்குப் பாஷை தெரியாது."

"தெரியாட்டிப் பரவாயில்லை. நானும் ஸ்டேசனுக்கு வாறன்."