ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் கேட்டது

பொட்சுவோலி
2 செப்டம்பர் 1983

அன்புள்ள ப்ரோக்கலோ,

நானும் ரோசரியாவும் நலம். நலம் என்றால் காலில் செருப்போடு தூங்குகிறோம், அவ்வளவுதான். ஏதாவது அதிர்ந்தால் உன் மகள் தலையைத் தூக்கி, "அம்மா, லாரியா, பூமியா?" என்று கேட்கிறாள். நான் பதில் சொல்வதற்குள் "லாரிதான்" என்று தானே தீர்ப்பும் சொல்லிவிடுகிறாள். ஆறு வயதுக் குழந்தைக்குத் தெரியவேண்டிய விஷயமா இது?

துறைமுகத்தைப் பார்த்தால் நீ அழுவாய். அடியிலிருக்கும் எரிமலை தள்ளித் தரை மேலே மேலே எழும்பிப் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கின்றன. நம் வீட்டுக்குக் கீழே படிக்கட்டில் தண்ணீர் வந்து அடிக்குமே, அந்தச் சத்தம் நின்றுபோய்விட்டது. கல்யாணமான புதிதில் அதனால் தூக்கம் கெடுகிறது என்று உன்னிடம் சண்டை போட்டேன். இப்போது அது இல்லாமல் தூக்கம் வரவில்லை.

நாள் முழுக்கக் காது கொடுத்துக் கேட்பதே எனக்கு வேலையாகிவிட்டது. அனியெல்லோ காபிக்கடையின் இரும்புக் கதவைத் தூக்கினால் தடாலென்று கேட்கும். ரொட்டி வண்டி முக்கில் திரும்பும்போது உறுமும். பூமி உறுமினால் மட்டும் காதுக்கு முன்னால் உள்ளங்காலுக்கு வரும். உடனே அலமாரியில் உன் அம்மா கொடுத்த கண்ணாடிக் கோப்பைகள் கிணுகிணுக்கும். அவற்றுக்கு நடுவே காகிதம் செருகச் சொன்னாயே, மாட்டேன். உடைந்தால் உடையட்டும், இப்போது எனக்கு அவைதான் காவல்.

மேல்வீட்டு எர்சிலியா அக்கா குடித்தனத்தையே காருக்குள் மாற்றிவிட்டாள். என்னைக் கண்டதும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அடியே நுன்சியா, உன் புருஷன் அங்க வீடு தேடுறானா, வீடு கட்டுறானா? ஆகஸ்டுல கூட்டிப் போறேன்னான், ஆகஸ்டே போயாச்சே!" என்று கத்துகிறாள். தெருவே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். ஆனால் பயமாக இருக்கிறது, ப்ரோக்கலோ. நாங்கள் எப்போது வரட்டும்?

உன் நுன்சியா


டூரின்
9 செப்டம்பர்

என் கண்ணே நுன்சியா,

உன் கடிதம் கண்டேன். எர்சிலியாவிடம் சொல், நான் வீடு கட்டினால் முதல் அறை அவள் காருக்குத்தான்.

தேடாமலா இருக்கிறேன்? தொழிற்சாலை விட்டதும் தெருத்தெருவாக அலைகிறேன். இந்த வடக்கத்தி ஊரில் வாயைத் திறந்ததுமே தெற்கத்திக்காரன் என்று தெரிந்துவிடுகிறது. "நேத்துதான் ஒருத்தருக்குக் குடுத்துட்டோமே" என்கிறார்கள். விடுதியில் ஒரே அறையில் ஆறு ஆண்கள். கலாப்ரியாக்காரன் ஒருவன் விடும் குறட்டையைக் கேட்டால் நீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிடுவாய்.

எழுபதாம் வருஷத்திலும் பூமி இப்படித்தான் ஆட்டம் காட்டியது, பிறகு அடங்கவில்லையா? கொஞ்சம் பொறு. ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதிக்குக் கீழே உள்ள காபிக்கடையிலிருந்து கூப்பிடுகிறேன். அனியெல்லோவிடம் சொல்லிவை. ரோசரியா சாப்பிடுகிறாளா? நான் இல்லாமல் கரண்டியைப் படகாக்கி ஊட்டுவது யார்?

ஆயிரம் முத்தங்களுடன்,
ப்ரோக்கலோ


பொட்சுவோலி
18 செப்டம்பர்

அன்புள்ள ப்ரோக்கலோ,

இன்று உன் குரலைக் கேட்டதும் அழுதுவிட்டேன். அனியெல்லோ, "தொலைபேசியை நனைக்காத தாயி, ஷாக் அடிக்கும்" என்று கிண்டல் செய்தான். ரோசரியாவுக்குப் படகு ஓட்ட ஆளில்லை. நான் ஓட்டினால் "அப்பா படகுதான் நல்லா கூவும்" என்கிறாள்.

பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள், சுவரில் விரிசல். வியாழக்கிழமை காலை மீன் சந்தையில் நிற்கும்போது ஓர் அதிர்ச்சி. ஐஸ் பெட்டியெல்லாம் நகர்ந்தது. யாரும் கத்தவில்லை. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அடுத்தது வருகிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றோம். அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் விடுதிக்குக் கீழே உள்ள காபிக்கடையில் இயந்திரம் இல்லையா? கடை என்றால் நீராவி சீறும், பீங்கான் தட்டுகள் மோதும், நாலு பேர் கால்பந்து பேசுவார்கள். நீ பேசும்போது எனக்குக் கேட்டது அடுப்பில் வைத்த காபிப் பாத்திரம் பொங்கிக் களகளக்கும் சத்தம். யாரோ தீயைத் தணித்தார்கள். பிறகு வீட்டுச் செருப்பு தரையில் உரசி உரசிப் போனது.

பூமியைக் கேட்டுக் கேட்டு என் காதே கெட்டுவிட்டதோ என்னவோ. அப்படித்தான் என்று எழுது, நம்பிக்கொள்கிறேன்.

நுன்சியா


டூரின்
24 செப்டம்பர்

நுன்சியா,

கடைக்காரக் கிழவர் ஞாயிற்றுக்கிழமை இயந்திரத்தைக் கழுவுகிறார். தனக்கு மட்டும் அடுப்பில் காபி போட்டுக்கொண்டார். வயதானவர், செருப்பை இழுத்துத்தான் நடப்பார். போதுமா? இரண்டு ஷிப்ட் பார்த்து முதுகு ஒடிந்து கிடக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? காதில் பஞ்சை வைத்துக்கொண்டு தூங்கு.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது, குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாது. அவ்வளவு பயமாக இருந்தால் கசெர்த்தாவில் உன் அண்ணன் வீட்டுக்குப் போ. கிறிஸ்துமஸ் கழியட்டும், பிறகு பார்க்கலாம்.

ப்ரோக்கலோ


பொட்சுவோலி
2 அக்டோபர்

ப்ரோக்கலோ,

இன்று நீ கூப்பிட்டபோது நான் அதிகம் பேசவில்லை, கவனித்தாயா? "லைன்ல இருக்கியா?" என்று நீயே கேட்டாய். இருந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, பூமியைக் கேட்பதுபோல் உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் தட்டில் கரண்டி தட்டும் சத்தம். சின்னக் கை தட்டினால்தான் அப்படித் தாளமில்லாமல் இருக்கும். பிறகு ஒரு சிணுங்கல். அண்ணன் வீட்டுக்கு நான் ஏன் போகவேண்டும் என்று நீ விளக்கிக்கொண்டிருந்தாய். பாதி வாக்கியத்தில் நிறுத்தி, வாயை ஒருபக்கம் திருப்பி, "துப் துப் துப் துப்... பூம்ம்" என்றாய். படகு துறைக்கு வந்து கூவியது. வாய் திறந்தது போலிருக்கிறது, சிணுங்கல் நின்றது. நீ விட்ட இடத்திலிருந்து என்னிடம் பேச்சைத் தொடர்ந்தாய். நீ செய்தது உனக்கே தெரியாது. ஒரு நாளைக்கு மூன்று வேளை செய்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

அது யார் வீடு, அவள் பெயர் என்ன என்று கேட்கப்போவதில்லை. அந்தக் குழந்தைமீது எனக்குக் கோபமில்லை. ஆனால் உன் பேச்சை நம்பித்தானே இந்த விரிசல் விட்ட வீட்டில் உன் மகளை வைத்துக்கொண்டு இத்தனை நாள் காத்திருந்தேன்? கூரை விழுந்திருந்தால்? 

இனி அனியெல்லோ கடைக்கு வந்து காத்திருக்கமாட்டேன். கூப்பிடாதே.

நுன்சியா


டூரின்
7 அக்டோபர்

நுன்சியா,

உன் கடிதம் இன்று வந்தது. பொட்சுவோலி பலமாக ஆடியது, சுவர்கள் விழுந்தன, ஜனங்கள் ஊரை விட்டுப் போகிறார்கள் என்று வானொலியில் செவ்வாய்க்கிழமையே சொன்னார்கள். அப்போதிலிருந்து அனியெல்லோ கடைக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். மணி அடிக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

நீ கேட்டதெல்லாம் சரிதான்.  ஆனால் எடுக்காதது உன் கோபத்தாலா, எடுக்க அங்கே யாருமே இல்லாததாலா? தொழிற்சாலையில் இரும்பு அடிக்கும்போதும் எனக்கு அந்த மணிதான் கேட்கிறது. உன் அண்ணனுக்குத் தந்தி கொடுத்தேன், அங்கேயும் நீங்கள் வரவில்லையாம். ரோசரியா எங்கே? என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது. உன் காலில் விழுகிறேன்.

ப்ரோக்கலோ


15 அக்டோபர்

ப்ரோக்கலோ,

தபால்காரர் ஆட்களைத் தேடித் தேடிக் கடிதம் கொடுக்கிறார், அதனால் கிடைத்தது.

உயிரோடு இருக்கிறோம். ஆடியபோது ரோசரியா எனக்கு முன்னால் படியிறங்கினாள், ஒரு கீறல்கூட இல்லை. எங்கே தங்கியிருக்கிறோம் என்று எழுதமாட்டேன். உன் மகள் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறாள். என்றைக்காவது அவளே எழுதினால் தடுக்கமாட்டேன்.

வெள்ளிக்கிழமை துணி எடுத்துக்கொள்ள எங்களை மூடிவைத்த நம் தெருவுக்குள் விட்டார்கள். அனியெல்லோ கடைக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. உள்ளே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. எர்சிலியா அக்கா, "யாருடி அது, பூட்டின கடைக்குப் போன் போடுற பைத்தியம்?" என்றாள். ரோசரியா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாதான், அம்மா" என்றாள்.

நானும் அவளும் அது நிற்கும்வரை கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்று கேட்டோம். பிறகு பஸ் வந்தது, ஏறினோம்.

நுன்சியா