மன்னார்புரத்துப் பிரதி

அக். 1, புதன்

காலையிலேயே தூறல். ஆயுத பூஜை. ஸ்ரீரங்கம் ஆஸ்பத்திரி அடித்தளத்தில் நான் பார்த்துக்கொள்ளும் சர்வருக்கும் சந்தனம், குங்குமம். பூசணிக்காய் உடைத்தது என் மேலதிகாரி சேவியர் சார்.

"மாதா கோச்சுக்க மாட்டாங்களா சார்?"

"அவங்க ரெக்கார்டும் இதுலதாம்மா இருக்கு."

மாலை சர்வர் திரையில் பச்சை விளக்கு. பார்த்தேன், கிளம்பினேன்.

அக். 2, வியாழன்

விடுமுறை. டயாலிசிஸுக்கு ஏது விடுமுறை? ஜீயபுரத்திலிருந்து ராசாத்தி அக்கா, இரண்டு பஸ் மாறி. வாழைத் தோட்டக் கூலி. இன்று ஒரு ஊசி ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல். பிழைத்ததே பெரிது. டாக்டர் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்.

"என்ன ஊசிக்கா?"

"என்னமோ பேரு சொன்னாங்க. வாயில நுழையல."

பணம் கட்டுபவர்களுக்குக் கையில் ஃபைல். அரசுக் காப்பீட்டில் வருபவர்களுக்குத் துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. "எல்லாம் சிஸ்டத்துல இருக்கு, போங்க." காகிதம் கொடுப்பதில்கூடவா மேல், கீழ்? எரிச்சல்.

அக். 3, வெள்ளி

பேய் மழை. பதினொரு மணிக்குச் சாக்கடைத் தண்ணீர் அடித்தளத்துக்குள். கணுக்கால் அளவு.

பயமில்லை என்றுதான் நினைத்தேன். இங்கே பதிவாவதெல்லாம் சில நிமிடம் பிந்தி மன்னார்புரம் கிளையில் உள்ள பிரதி மிஷினுக்குப் போய்விடும். போய்ச் சேர்ந்ததா என்று இங்குள்ள மிஷின் காத்திருக்காது. தன் வேலையைப் பார்க்கும், அனுப்ப வேண்டியதை வரிசையில் சேர்த்து வைக்கும். அதனால்தான் புதன் மாலை பார்த்த அந்தப் பச்சை. அதற்குக் கீழே பொடி எழுத்தில்: கடைசியாகச் சேர்ந்தது புதன் காலை 10.40. இரண்டு நாளாக ஒன்றுமே போகவில்லை! புதனன்றே படித்திருக்க வேண்டும். என் தப்பு.

மன்னார்புரத்துக்குப் போன். எடுத்தது முருகேசன் அண்ணன், துப்புரவு வேலை பார்ப்பவர்.

"மிஷின் பூஜையில இருக்குங்க. சுவிட்ச் அணைச்சு, மாலை போட்டு, துணி சுத்தி வச்சிருக்கு."

"விஜயதசமி நேத்தே முடிஞ்சுதேண்ணே!"

"மானேஜர் வந்துதான் எடுக்கணுமாம். கொடைக்கானல் போயிருக்காரு. திங்கக்கிழமை வருவாரு."

"நீங்க எடுங்க."

"நாங்கல்லாம் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு மேடம்."

வருஷம் முழுக்க அந்த அறையைத் துடைக்கிற கை தொடக்கூடாதாம். கத்திவிட்டேன். மானேஜருக்கான கத்தல், வாங்கிக்கொண்டது பாவம் அண்ணன். பிறகு ராசாத்தி அக்கா விஷயத்தைச் சொன்னேன். நாளைக்கு அவர் திரும்ப வருவார், அந்த ஊசியின் பேர் வேறெங்கும் இல்லை.

அண்ணன் எதையோ தேடும் சத்தம். அப்புறம், "தேங்கா இருக்கு. லைன்லயே இருங்க." டொக். "எந்த சுவிட்சுங்க? பச்சையா, சிவப்பா?"

11.50: வரிசை நகர்கிறது. பதிவான ஒழுங்கில்தான் போகும், எதையும் முந்தித் தள்ள முடியாது. புதன் முழுக்கப் போன பிறகே வியாழன்.

சேவியர் சார் படிக்கட்டின் மேல், மெயின் சுவிட்ச் பக்கத்தில். "தண்ணி சர்வரோட அடித்தட்டைத் தொட்டா அணைச்சிடுவேன் அனிதா. ஷாக் அடிச்சு யாரும் சாகக் கூடாது." சரிதான். வாசலில் மணல் மூட்டை அடுக்கினோம்: நான், ஆம்புலன்ஸ் டிரைவர், லேப் பெண்கள் இருவர்.

2.15: வியாழன் காலை.
2.40: வியாழன் மதியம்.
3.05: பாக்கி எதுவும் இல்லை.
3.10: சார் அணைத்தார். தண்ணீருக்கும் அடித்தட்டுக்கும் இரண்டு விரற்கடை.

அக். 4, சனி

வெயில். ஸ்ரீரங்கத்தில் சேறு அள்ளுகிறார்கள். வேலையெல்லாம் மன்னார்புரத்தில், பிரதியிலிருந்து. ராசாத்தி அக்காவும் இங்கேயே வந்தார், மூன்றாவதாக ஒரு பஸ் மாறி. புது நர்ஸ் அவர் பக்கத்தைத் திறந்தார். சிவப்பெழுத்தில் மருந்தின் பெயர், "கொடுக்கக் கூடாது". தட்டில் தயாராக இருந்தது அதே மருந்து. எடுத்துத் தள்ளி வைத்தார்.

"என்ன தங்கச்சி, என்னயே பாக்குற? நல்லாத்தான இருக்கேன்?"

"நல்லா இருக்கீங்கக்கா."

மாலை, நடந்ததைப் பற்றிய அறிக்கை. யார் செய்தது என்ற இடத்தில் எழுதினேன்: முருகேசன், துப்புரவுப் பிரிவு. தேங்காய் உடைத்து மிஷினை எடுத்து இயக்கினார்.

"மானேஜர் படிப்பாரேம்மா" என்றார் சேவியர் சார்.

"படிக்கட்டும் சார்."

சிரித்தார். கையெழுத்துப் போட்டார். துடைப்பத்தோடு நின்ற அண்ணன் எட்டிப் பார்த்து மெதுவாகப் படித்தார்.

"இனிஷியல் விட்டுப்போச்சுங்க. பி. முருகேசன்."

சேர்த்தேன்.