இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

ஐப்பசி 20, வியாழன்

அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்க்காமல் அப்பாவின் இதய ஆபரேஷனுக்குச் சம்மதிக்க மாட்டேன் என்றாள் அம்மா. இரண்டு பொட்டலத்தில் ஒன்றைப் பூசாரி எடுப்பார்; வெள்ளைப் பூ வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. டாக்டரோ அவசரப்படுத்தினார்.

கல்லூரியில் ரோமாபுரி வரலாறு நடத்துகிறவன் நான். ஆட்டு ஈரலில் நல்ல குறி தெரியும்வரை பலி கொடுத்துக்கொண்டே இருந்த தளபதிகளைச் சொல்லி மாணவர்களைச் சிரிக்க வைப்பேன். பொட்டலம் கட்டியது நான்தான். இரண்டிலும் வெள்ளை அரளியையே வைத்தேன். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்ததும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நேற்று ஆபரேஷன் மேஜையிலேயே அப்பா போய்விட்டார். இன்று எரித்துவிட்டு வந்தோம்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆத்தா பொய் சொல்ல மாட்டா அப்பு. பதினாறு முடியட்டும். குத்தம் எம்மேலதானான்னு பூக்கட்டிப் பாக்கணும். பொட்டலத்த நீயே கட்டு."

சரிம்மா என்றேன்.