யாருக்காகப் பேசப் போகிறேன் என்றால்

அப்பா,

இத்தனை மாதம் கழித்து போர்வெல் போடும் ரிக் வண்டியை விட்டு நீங்கள் வீட்டுக்கு வரும் நாளில் நானும் அம்மாவும் இல்லை. சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு இன்று மதியம் கோயம்புத்தூரில். அதனால் காலையிலேயே ஈரோடு வழியாகப் போகிற பஸ்ஸுக்குக் கிளம்புகிறோம். அரிசிம்பருப்புச் சோறு குக்கரில் இருக்கிறது, தயிர் ஃபிரிட்ஜில். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு மஞ்சுளா அக்காவிடம் கொடுங்கள்.

நேற்று போனில், "திருச்செங்கோட்டுலயே இத்தன இன்ஜினியரிங் காலேஜ் இருக்குது. நீ சட்டம் படிச்சு ஆருக்குச் சாமி பேசப் போற?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டீர்கள். அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன்.

நான் எட்டாவது படித்தபோது, யாரோ செய்த விபத்துக்காக வெளிமாநிலத்தில் உங்களைப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். "நமக்காவப் பேச ஒரு ஆளில்லையே" என்று அம்மாவிடம் போனில் அழுதீர்கள். பக்கத்தில் நின்று நானும் கேட்டேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். உங்களுக்காகத்தான் பேசப் போகிறேன், அப்பா. மொழி தெரியாத ஊரில் அப்படி நிற்கிற எல்லோருக்காகவும்.

நன்றாகத்தான் படித்திருக்கிறேன். மாதிரித் தேர்வுகளில் மதிப்பெண் ஏறிக்கொண்டே வந்தது.

அபிநயா

அம்மா, "மொதல்ல சோறு தின்னுட்டுப் படுக்கச் சொல்லு" என்கிறாள்.

இன்னொன்று. தூரமாகப் போய்விடுவேன் என்று பயப்படாதீர்கள். முதல் விருப்பமாகத் திருச்சியில் இருக்கிற சட்டக் கல்லூரியைத்தான் கொடுத்திருக்கிறேன். தெற்கே போகும்போது கல்லூரி வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடியுங்கள். எந்த வகுப்பில் இருந்தாலும் ஓடி வருவேன்.