சாம்பிராணியை நிறுத்திய பிறகு

ஏங்க,

ரசம் அடுப்பில் இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். நம் இருவருக்கும் எச்.ஐ.வி. மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

போன மாதம் உங்கள் இருமலைக் கேட்டுவிட்டு டாக்டர், "வீட்ல புகை ஏதாச்சும் உண்டாம்மா?" என்றார். தினமும் தறிக்குச் சாம்பிராணி போடுவீர்கள் என்று பெருமையாகச் சொன்னேன். நிறுத்தச் சொன்னார். நிறுத்தினோம். நாலாம் நாள் கஞ்சா வாடை மட்டும் தனியாக வந்தது. எத்தனை வருஷமாக இதை மறைக்கச் சாமிக்குப் புகை போட்டீர்கள்?

நேற்றுக் கேட்டால், "மாத்திரைதான் ஒழுங்கா முழுங்கிகினு இருக்கேனே, பேஜார் பண்ணாத" என்கிறீர்கள். மாத்திரை கிருமியைத்தான் அடக்கும். புகையிலிருந்து நுரையீரலைக் காப்பாற்றாது. நம்மைப் போன்றவர்களுக்கு அது இன்னும் சீக்கிரம் கெட்டுப்போகும் என்று டாக்டர் அன்றே சொன்னார். இன்று அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

தறியில் புதுப் பாவு நூலைப் பிணைக்கிறவர் மூன்று மணிக்கு வருவார். டீ போட்டுக் கொடுங்கள். அதற்குள் இந்தச் சீட்டைக் கிழித்துவிடுங்கள்.

திலகவதி

இன்னொன்று. நீங்கள் இருமும்போது தறிச் சத்தம் நிற்கும். நானும் ராட்டையை நிறுத்திவிட்டு, மறுபடி சத்தம் வரும்வரை காத்திருப்பேன். நேற்று ரொம்ப நேரம் வரவில்லை. எழுந்து வந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.