இரண்டு பேருக்குப் பயண அனுமதி

ஜனவரி 9, செவ்வாய்

மழை. வகுப்பறைக் கூரை மறுபடி ஒழுகியது. பிள்ளைகளை ஒரே மூலையில் நெருக்கி உட்காரவைத்துக் கத்திக் கத்திப் பாடம் நடத்தியதில் தொண்டை போய்விட்டது. வீட்டுக்கு வந்து என் கணவர் லேஸ்டனுக்கு மக்காச்சோளக் கஞ்சி காய்ச்சி, வடிகட்டி, வாயின் வலது ஓரமாக ஊட்டினேன். இடது பக்கத்தைத் தாடைக் கட்டி முழுக்க அடைத்துவிட்டது. ஒரு கிண்ணம் இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. நடுவில் எனக்கே கண் சொருகியது.

நைரோபி மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து போன். வெளிநாட்டு அறுவை மருத்துவர்கள் கொஞ்ச நாள் வந்து தங்குகிறார்களாம். இவர் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். 23ஆம் தேதி அங்கே இருக்க வேண்டும், துணைக்கு ஒருவர் வரலாம். வருஷக்கணக்காகக் காத்திருந்தது இதற்குத்தான். சந்தோஷப்பட வேண்டும். பட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

"முன்ன மாதிரி பாஸ்போர்ட்டை மட்டும் தூக்கிட்டு வந்துடாதீங்கம்மா. இப்ப இணையத்துல விண்ணப்பிச்சு, பயண அனுமதி வாங்கிட்டுத்தான் விமானமே ஏறணும். ரெண்டு பேருக்கும் தனித்தனியா," என்றாள் பேசிய பெண்.

ஜனவரி 10

கரண்ட் இல்லை. போன் செத்துக் கிடக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை.

ஜனவரி 12, வெள்ளி

விண்ணப்பத்துக்குப் புதுப் படம் வேண்டும். பள்ளி விட்டதும் லேஸ்டனை அழைத்துக்கொண்டு லிம்பே சந்தையில் ஏனோக்கின் போட்டோ கடைக்குப் போனேன். முகத்தைச் சுற்றியிருந்த துணியை லேஸ்டன் அவிழ்த்தார். காத்திருந்த இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

ஏனோக் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. படம் எடுத்து, அளவாக வெட்டும் செயலியில் போட்டான். சிவப்பு எழுத்து வந்தது: முகம் தெரியவில்லை. இன்னொரு தடவை. அதே எழுத்து.

"வெளிச்சம் சரியில்லண்ணே."

"வெளிச்சத்து மேல பழி போடாத," என்றார் லேஸ்டன். பேச்சு குழறும். இருந்தாலும் புரியும். "இது மூஞ்சின்னே அதுக்குத் தெரியல. எனக்கே காலைல கண்ணாடில சந்தேகமாத்தான் இருக்கு."

சிரிக்கலாமா என்று ஏனோக் என்னைப் பார்த்தான். நான் சிரித்தேன். பிறகு அவனும் சிரித்தான்.

திரும்பி வரும்போது மினிபஸ்ஸில் லேஸ்டன் கடைசி சீட்டுக்குப் போய் உட்கார்ந்தார். அவர் ஓட்டிய தடம் அது. முன் சீட்டில் ஏற ஆட்கள் தயங்க ஆரம்பித்ததும் முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார்.

ஜனவரி 13, சனி

போகமாட்டாராம்.

"பாஸ்போர்ட்ல இருக்கறவன் வேற ஆளு, கட்டி வராதவன். அங்க ஒருத்தன் ரெண்டையும் வச்சுப் பாத்து, யாருய்யா நீன்னு கேப்பான். நாலு பேர் முன்னால நான் துணியை அவுத்துக் காட்டணும். வேணாம். இப்படியே இருந்துட்டுப் போறேன்."

இப்படியே இருக்க முடியாது. கட்டி மூச்சுக்குழாயை நெருக்குகிறது என்று டாக்டர் சொன்னபோது அவரும் கூடத்தான் உட்கார்ந்திருந்தார். நான் வாதாடவில்லை. தெம்பில்லை.

தெம்புதான் இல்லையா, வேறு ஏதாவதா? போகாவிட்டால் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும் என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியதை எழுதிவிட்டேன். அடித்து அழிக்கப்போவதில்லை.

ஜனவரி 14, ஞாயிறு

ஆராதனை முடிந்து அவருடைய அக்கா டொரிக்கா வந்தார். கதை கேட்டதும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஏன்டா, நீ என்ன அழகுப் போட்டிக்கா போறே? மூச்சு முட்டிச் செத்தா ஊரே வந்து பெட்டிக்குள்ள எட்டிப் பாக்கும். அப்ப வெக்கப்படுவியா? இப்ப ஒரு ஆபீசர் பாத்தா என்ன கொறஞ்சு போயிடுவே?"

"அக்கா, விடுங்க," என்றேன்.

"நீ சும்மா இரு. இவளைப் பாருடா. உனக்கு ஊட்டி ஊட்டி இவ துரும்பாயிட்டா. உன் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தா இதெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா?"

லேஸ்டன் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

பிறகு தானே எழுந்து போய் வெளிச் சுவர் ஓரமாக நின்றார். டொரிக்கா அக்கா பின்னால் வெள்ளைப் போர்வையைப் பிடிக்க, என் போனிலேயே எடுத்தேன். துணி இல்லாமல், நேராக, கண்ணைச் சிமிட்டாமல் நின்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஜனவரி 15, திங்கள்

சிலெம்ப்வே நாள், பள்ளி விடுமுறை. காலையிலிருந்து அவருடைய விண்ணப்பம். பாஸ்போர்ட் பக்கம், ஆஸ்பத்திரி அனுப்பிய விமானச் சீட்டு, கடிதம், கடைசியில் அந்தப் படம். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றினேன். இணையதளம் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. கடைச் செயலிக்குத்தான் கண் தெரியவில்லை போலிருக்கிறது. ஒவ்வொரு எழுத்தாக இரண்டு தடவை சரிபார்த்து அனுப்பினேன்.

சாயங்காலம் என்னுடையது. ஒரு கையில் ஸ்பூன், ஒரு கையில் போன். என் முகத்தில் என்ன பிரச்சினை? கடகடவென்று முடித்துவிட்டேன்.

ஜனவரி 18, வியாழன்

இருவருக்கும் அனுமதி வந்துவிட்டது! ஏனோக் கடையில் அச்செடுத்தேன். காசு வாங்க மறுத்துவிட்டான்.

ஜனவரி 22, திங்கள்

சிலேக்கா விமான நிலையம். லேஸ்டன் முதலில் போனார். கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "ஐயா, துணியைக் கொஞ்சம் இறக்குங்க." இறக்கினார். அவள் அனுமதித் தாளில் இருந்த புதுப் படத்தைப் பார்த்துத் தலையசைத்தாள். "நல்லபடியா போயிட்டு வாங்க ஐயா." அவ்வளவுதான். இதற்கா அத்தனை பயம்?

அடுத்து நான்.

"அம்மா, இந்த அனுமதியில இருக்கற பாஸ்போர்ட் நம்பர் உங்களோடது இல்லையே."

நடுவில் இரண்டு எண்கள் இடம் மாறியிருந்தன. நான் அடித்தது. நானேதான். என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அந்தப் பெண் பொறுமையாகத்தான் இருந்தாள். "அங்க போனா உங்களைத் திருப்பி அனுப்பிடுவாங்கம்மா. புதுசா விண்ணப்பிச்சுட்டு அடுத்த விமானத்துல வாங்க."

அடுத்த விமானத்துக்குள் அனுமதி எப்படி வரும்? தேதி தவறினால் மருத்துவர்கள் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள். சுவரில் சாய்ந்து நின்றுவிட்டேன். யாரு இவருக்கு ஊட்டுவா? பேசுனா அங்க யாருக்குப் புரியும்? எல்லாத்தையும் நானே கெடுத்துட்டேனே.

லேஸ்டன் என் கையிலிருந்த பையை வாங்கி, கஞ்சிமாவை மட்டும் எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"நான் போறேன்."

"தனியாவா?"

"பஸ் ஓட்டுனவனுக்கு வழி கேக்கத் தெரியாதா? நீ வீட்டுக்குப் போய்ப் படு."

துணியைத் திரும்பச் சுற்றிக்கொள்ளாமலே உள்ளே போனார்.

ஜனவரி 23, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாராம். நர்ஸ் போனில் சொன்னாள்.

நேற்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்தேன். எழுந்தபோது இன்று மதியம். அவர் அங்கே எதை விழுங்கினாரோ, எப்படி விழுங்கினாரோ, நான் இங்கே கனவுகூட இல்லாமல் தூங்கியிருக்கிறேன். எழுந்ததும் உடம்பு லேசாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. என்ன பொம்பளை நான்?

புது விண்ணப்பம் அனுப்பினேன். பாஸ்போர்ட்டை விளக்கடியில் வைத்து, ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லி.

ஜனவரி 25, வியாழன்

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். நானும் டொரிக்கா அக்காவும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் அழைப்பு வந்தது. கட்டி முழுவதையும் எடுத்துவிட்டார்கள். காலிலிருந்து எலும்பு எடுத்துத் தாடையில் வைத்திருக்கிறார்கள். மூச்சு சீராக இருக்கிறது.

அக்கா முந்தானைத் துணியில் முகத்தைப் புதைத்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. மக்காச்சோள மாவில் கெட்டியாக நசிமா கிளறினேன், உசிபா மீனோடு இருவரும் சாப்பிட்டோம். சூடாக, என் கையால், என் வாய்க்கு. எத்தனை நாளாயிற்று.

ஜனவரி 26

என் அனுமதி வந்தது. திங்கட்கிழமை விமானம். சீட்டில் தேதியை மாற்றிக் கொடுத்தார்கள்.

ஜனவரி 30, செவ்வாய். நைரோபி

நேற்று இருட்டிய பிறகுதான் வந்து சேர்ந்தேன், வார்டுக்குள் விடவில்லை. இன்று காலைதான் பார்த்தேன். கட்டுப் போட்ட முகம் ஒடுங்கி, இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருக்கிறது. இன்னும் சில நாள் பேசக்கூடாது. என்னைப் பார்த்ததும் கண்ணில் சிரிப்பு.

மூக்கு வழியாகக் குழாய் விட்டிருக்கிறார்கள். காலைச் சாப்பாட்டு நேரத்தில் நர்ஸ் கஞ்சியையும் ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சையும் கொண்டுவந்து வைத்தாள். நான் கை நீட்டினேன். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். தானே குழாயைத் திறந்து, சிரிஞ்சை மாட்டி, உயர்த்திப் பிடித்து, கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. கடைசியில் தண்ணீர் விட்டுக் குழாயை அலசி மூடினார்.

"ரெண்டாம் நாள்லருந்தே இப்படித்தான்," என்றார் பக்கத்துக் கட்டில்காரர், முத்திசோ என்று பெயர். "நர்ஸையே தொட விடறதில்ல. எனக்கும் கத்துக் குடுத்துட்டாரு."

என் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்துக்கொண்டேன். லேஸ்டன் கட்டிலருகே இருந்த நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். தன் தலையணைகளில் ஒன்றை எடுத்து நீட்டினார்.

கொஞ்சம் சாயலாம் என்றுதான் சாய்ந்தேன். கண் விழித்தபோது வெயில் அடுத்த ஜன்னலுக்குப் போயிருந்தது. மதியக் கஞ்சியை முடித்துவிட்டு அவரும் தூங்கிக்கொண்டிருந்தார்.