முந்திச் சொன்னவள்

அக்கா, இன்று சீலாக் கருவாடு சுடும்போது எழுந்த புகையில் உன் சேலை மணந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. செத்தவள்மேல் கோபம் கூடாது என்கிறார் பங்குச் சாமியார். அவருக்கு அக்கா கிடையாது போல.

பக்கத்தில் பேத்தி பாடம் படித்துக்கொண்டிருந்தாள். சாயர்புரம் காலேஜில் கணக்குப் படிக்கிறாள். "ஆச்சி, இதுல ஒருத்தர் தலைவர், முதல்ல முடிவு பண்ணுவாரு. பின்னால வாரவரு அதைப் பார்த்துத் தனக்கு எது நல்லதோ அதைச் செய்வாரு. அவரு என்ன செய்வாருன்னு தலைவருக்கு முன்னாடியே தெரியும். அதை வச்சுதான் அந்த முதல் முடிவே" என்றாள்.

"இதுக்கா காலேஜு? உங்க பெரியாச்சி இதைக் கடற்கரையிலயே செஞ்சா" என்றேன்.

ஏலத்தில் மீன் எடுத்தவள், எந்த ஊருக்குப் போகிறாள் என்று நாலு பேர் காதில் விழச் சொல்லிவிட்டால் அன்று அந்த ஊர் அவளுக்கு. சொன்னதை மாற்றக்கூடாது. கூடையைத் தூக்குமுன்பே நீ கத்துவாய்: "ஏளா, நான் புதுக்கோட்டை!" சாயர்புரம் பக்கத்துப் புதுக்கோட்டைதான், வாங்குகிற கை அதிகமுள்ள ஊர். இரண்டு பேர் போனால் விலை விழும். நான் வேறு ஊருக்கு நடப்பேன். எனக்கு அதுதான் புத்தி. அந்தப் புத்தியை நம்பித்தான் நீ கத்தினாய்.

அதைக்கூட மறந்துவிடுவேன். நாம் இருவரும் காத்திருந்த மார்க்கெட் கடை கிடைத்த வாரம் அம்மா படுத்துவிட்டாள். அதே கடற்கரை ஏலத்தில், எல்லாரும் கேட்க, "கடையில நான் இருக்கப் போறேன். அம்மாவை என்னால பாக்க முடியாது" என்றாய். நான் அம்மாவைப் போட்டுவிட்டு வரமாட்டேன் என்று உனக்குத் தெரியும். "உனக்கு இளகுன மனசுளா" என்று புகழ்ச்சி வேறு! அம்மா போன பிறகும் கடையை நீ விடவில்லை.

உன்னை அடக்கம் செய்த வாரம் உன் மகள் வந்தாள். "சித்தி, அந்தக் கடைய..." என்று இழுத்தாள். துக்கம் கேட்க வந்த மீன்காரிகள் வாசலில் நின்றார்கள். "நாளையில இருந்து நான் உட்காருதேன்" என்றேன், அவர்களுக்கும் கேட்கும்படி. அவள் சண்டை போடமாட்டாள் என்று தெரியும். தலைகுனிந்து போனாள்.

கடை இப்போது என்னிடம். வருத்தமில்லை. ஆனால் நான் வாயைத் திறக்குமுன் உன் மகள் முகத்தை அளந்த என் பார்வை உன்னுடையது, அக்கா. அதை எப்போது எனக்குள் வைத்துவிட்டுப் போனாய்?